சூட்டுத் தழும்பைச் சுற்றி ஒரு வட்டம்

"மேடம், மாடல் அப்படியே பொருந்திடுச்சு" என்று ஓடிவந்தவர்களை நான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். பாராட்டியதில்லை. அதனால் நீங்கள் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும். என் காதுக்கு எதுவும் வராது என்று நினைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று பேசியவர்கள் நீங்கள். ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி உங்கள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடும் வேலையும் எனக்கில்லை. ஆகவே தரவோடு அப்படியே பொருந்துகிற கணக்கு மாடலைக் கண்டால் எனக்கு ஏன் பயம் வருகிறது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். கறம்பக்குடிப் பக்கத்து மாடு ஒன்றின் கதை அது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் இயற்பியல்காரர்கள். மாட்டுத் தோலில் நமக்கு என்ன வேலை என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள், என் வீட்டிலும் கேட்டார்கள். தோலுக்குள் இருக்கும் ஒவ்வொரு மயிர்க்காலும் பக்கத்து மயிர்க்காலைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவு செய்கிறது. பக்கத்துப் பக்கத்தில் வைத்த காந்த ஊசிகள் ஒன்றுக்கொன்று இணங்கி நிற்பதற்கு எழுதும் அதே சமன்பாட்டை இதற்கும் எழுதலாம். கரு வளர வளரத் தோல் இழுபடும். எல்லா மயிரும் ஒத்துப்போக முடியாத இடம் ஒன்று எங்காவது வந்தே தீரும், அங்கே சுழி விழும். இதே கணக்கு இதயத் தசைநார்களுக்கும் பொருந்தும் என்பதால்தான் நமக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைத்தது. மாட்டைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டார்கள்.

மாடுகளைப் பார்க்க ஏன் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போனோம்? நான் ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரி என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அங்கே மாடு வைத்திருக்கிறவர்கள் தங்கள் மாட்டின் சுழிகளைப் பெற்ற பிள்ளையின் மச்சத்தைப் போலத் தெரிந்துவைத்திருப்பார்கள். ராஜசுழி, கோபுரச் சுழி, நீர்ச்சுழி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, பலன் உண்டு. போய் நின்று, "ஐயா, சுழியைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, மாட்டைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இப்படி ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள் நம் கணினியில் குவிந்தன.

அந்தப் படங்களை வைத்து மாடல் கட்டியவன் என்னுடைய ஆய்வு மாணவன். சென்னையில் பிறந்து வளர்ந்தவன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் அவனைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே இருக்கட்டும். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று துருவ வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறான்.

ஒருநாள் கணக்குப்பிள்ளை முகமெல்லாம் பல்லாக வந்தான். மாட்டின் உடம்பில் எங்கெங்கே சுழி விழும், எங்கே விழாது என்று அவன் மாடல் போட்ட வரைபடமும் நாங்கள் எடுத்த படங்களும் அச்சு அசலாகப் பொருந்திவிட்டன. குறிப்பாக, பின்முதுகில் முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் ஓரிடம். அங்கே ஒரு மாட்டுக்குக்கூடச் சுழி இல்லை. அந்த இடத்தில் தோலின் இழுவிசை அதிகம், அதனால் சுழி உருவாகவே முடியாது என்று சமன்பாட்டில் ஒரு புதிய உறுப்பை, அதாவது ஒரு 'டெர்ம்' சேர்த்து, அதற்கு உயிரியல் காரணமும் எழுதிக் கட்டுரையைத் தயாராக வைத்திருந்தான்.

வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் காட்டிய அந்த வெற்றிடத்துக்கு எங்கள் ஊரில் பெயர் உண்டு. அங்கே இரண்டு பக்கமும் நேருக்கு நேராகச் சுழி இருந்தால் அது பாடைச் சுழி. அந்த மாடு இருக்கும் வீட்டில் சாவு விழும் என்பார்கள். வல்லத்திராக்கோட்டையில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அப்படி ஒரு கன்று பிறந்து, அதைப் பால் குடி மறப்பதற்குள் அடிமாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சுழி உள்ள மாட்டை எவனும் வைத்திருக்க மாட்டான், வைத்திருந்தாலும் குளிப்பாட்டிக் கொண்டுவந்து நம் கேமராவுக்கு முன்னால் நிறுத்த மாட்டான். கறிக்கடைக்குப் போய்விட்ட மாடுகளை இவன் இயற்பியலில் இல்லாத மாடுகள் என்று நிரூபித்திருக்கிறான்!

"டேய் கணக்குப்பிள்ளை, நீ மாட்டுத் தோலுக்கு மாடல் போடலை. மாட்டுக்காரனோட பயத்துக்கு மாடல் போட்டிருக்க" என்றேன். அவன் முகம் செத்துப்போனது. வரைபடத்தை மடக்கிக்கொண்டே, "அப்ப அந்தச் சுழிய யாராவது மறைச்சு வச்சிருப்பாங்களா மேடம்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் அவனை மன்னித்தது அந்தக் கேள்விக்காகத்தான்.

மறைப்பார்கள். சூடு வைத்து மறைப்பார்கள். இடுப்புப் பிடிப்புக்குச் சூடு வைப்பது சாதாரண வைத்தியம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மயிரைச் சுட்டுத் தழும்பாக்கிவிட்டால் சுழி எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பார்கள். ஆனால் நம் கணக்குக்கு உள்ளே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தழும்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தால் போதும். வட்டம் முடிவதற்குள் மயிரின் திசையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருந்தால் உள்ளே சுழி இருந்திருக்கிறது. சுற்றாமல் திரும்பி வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. நடுவைச் சுட்டவன் சுற்றுவட்டாரத்தைச் சுட முடியாது. அழகான கணக்கு. அழகான கணக்கை நம்பி ஒரு வீட்டுக்குள் போகக் கூடாது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாமல் இல்லை, அதற்குத்தான் அவனிடம் அவ்வளவு எச்சரித்தேன்.

பழைய படங்களை மறுபடி புரட்டினோம். பின்முதுகில் இரண்டு பக்கமும் வட்டத் தழும்போடு ஒரு செவலைக் காளை கிடைத்தது. கறம்பக்குடியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். ஊர்ப்பெயர் வேண்டாம். படம் கலங்கலாக இருந்ததால் நேரில் போகத்தான் வேண்டும். வண்டியில் போகும்போதே நான் கணக்குப்பிள்ளையிடம் தெளிவாகச் சொன்னேன். "அங்க போய் எது தெரிஞ்சாலும் வாயத் திறக்கக் கூடாது. வண்டிக்கு வந்து பேசிக்கலாம்." அவன் தலையை ஆட்டினான். ரொம்ப நன்றாக ஆட்டினான்.

அந்த வீட்டில் நான்கு பேர். மூத்தவர் கருப்பையா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவர், தம்பி இறந்தபிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். அவருடைய அம்மா அஞ்சலை. தம்பியின் மனைவி சத்யா, அவளுடைய பெண் குழந்தை. தம்பி முருகேசன் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தவர். வேலை நடந்த இடத்திலேயே வெயிலில் மயங்கி விழுந்தவர், பெட்டியில்தான் ஊருக்கு வந்தார். இதெல்லாம் அவர்கள் காப்பி கொடுத்தபோது கருப்பையாவே சொன்னது. செவலைக் காளை சத்யாவின் பிறந்த வீட்டுச் சீர். கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா கன்றாக வாங்கிக் கொடுத்தது. அவர் புதுக்கோட்டை டவுனில் பஸ் மெக்கானிக். மாப்பிள்ளைக்கு மாடு என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, சந்தையில் பார்த்து வாங்கி வந்தாராம்.

"தம்பி போனதுக்கப்பறம் வித்துரலாம்னுதான் பாத்தோம். இது மூஞ்சியப் பாத்தா மனசு வரல" என்றார் கருப்பையா. அவர் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுத்தைச் சொறிந்துவிட, நாங்கள் பின்பக்கம் போனோம். அஞ்சலை கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்யா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சூடு எதுக்குங்க வச்சது?" என்று நான் சாதாரணமாகக் கேட்டேன்.

"அது கன்னுலயே வச்சதுங்க. இங்க வாரப்பவே இருந்துச்சாம். இடுப்புப் புடிப்புக்கு" என்றார் கருப்பையா. சத்யா நிமிர்ந்து பார்த்தாள்.

கணக்குப்பிள்ளை சுண்ணாம்புக் கட்டியால் தழும்பைச் சுற்றி வட்டம் போட்டு விரலை நகர்த்தினான். ஒரு பக்கம் முடித்தான். மறுபக்கம் போனான். நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயிரின் திசை சுற்றிக்கொண்டே வந்து, ஒரு முழுச் சுற்று முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. இரண்டு பக்கமும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் மெய் சிலிர்த்தது. பல மாதங்கள் காகிதத்தில் பார்த்தது ஒரு மாட்டின் முதுகில் உயிரோடு இருந்தது.

"மேடம்! ரெண்டு பக்கமும் ஒண்ணு! ரெண்டு சுழி இருந்திருக்கு, சுட்டு மறைச்சிருக்காங்க!"

கத்திவிட்டான். சந்தோஷத்தில் கத்திவிட்டான் பாவி.

கருப்பையா கயிற்றை விட்டார். "என்னது?" என்று பின்பக்கம் வந்தார். கணக்குப்பிள்ளை போட்ட இரண்டு சுண்ணாம்பு வட்டங்களையும் பார்த்தார். முதுகுத்தண்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நேருக்கு நேராக. அது என்னவென்று அவருக்கு நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பாடைச் சுழி" என்றார். பிறகு சத்யாவின் பக்கம் திரும்பினார். "ஒங்கப்பன் பாடைச் சுழி மாட்டையா சீரா அனுப்பிருக்கான்?"

சத்யாவின் கை குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. "அப்பாவுக்குச் சுழியெல்லாம் பாக்கத் தெரியாது மாமா. அவரு பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கெடக்குறவரு."

"தெரியாம அனுப்புறது வேற. சூடு வச்சு மறைச்சு அனுப்புறது வேற. என் தம்பிய எமனுக்குச் சீர் வச்சு அனுப்பிட்டான்டி ஒங்கப்பன்!"

"கன்னுல சூடு இல்ல மாமா. நான் பிரசவத்துக்கு எங்க வீட்டுக்குப் போயிருந்தப்ப இங்க வச்சதுதான். திரும்பி வந்து பாத்தப்ப புதுசா இருந்துச்சு. அத்தையக் கேளுங்க."

கருப்பையா அம்மாவைப் பார்த்தார். "ஆத்தா, கன்னுலயே இருந்துச்சுன்னு நீதான எங்கிட்டச் சொன்ன?"

அஞ்சலை தூணைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க, முகத்தை மட்டும் அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

அது போதுமாக இருந்தது கருப்பையாவுக்கு. "அப்பனக் காப்பாத்தப் பொய் வேற சொல்றியா?" என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. அவள் உடனே கிளம்ப வேண்டும், அப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், குழந்தையைத் தொடக் கூடாது, அது முருகேசன் ரத்தம், இந்த வீட்டில்தான் வளரும் என்றார். பேசிக்கொண்டே வந்து குழந்தையைத் தூக்கிவிட்டார். பெரியப்பா தூக்குகிறார் என்று அது சிரித்தது. சத்யா சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள். அழவில்லை. அவளுக்கு என்ன நடக்கிறதென்றே பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். காப்பி குடித்த டம்ளர்கள்கூட இன்னும் உள்ளே போகவில்லை, அதற்குள் ஒரு பெண்ணுக்கு வீடும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இத்தனை வருஷ வேலையில் கணினி எரிந்திருக்கிறது, கட்டுரை திருடுபோயிருக்கிறது, ஒருமுறை ஆய்வகமே தண்ணீரில் மிதந்திருக்கிறது. எதற்கும் இப்படி விறைத்து நின்றதில்லை. கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. நான் கணக்கில் தப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்று கெஞ்சினான்.

கருப்பையாவும் அதையே கேட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றார். "மேடம், நீங்க பெரிய படிப்புப் படிச்சவுக. அந்தத் தம்பி சின்னப் பையன், ஒளறிருக்கலாம். நீங்க சொல்லுங்க. சுழி இருந்துச்சா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் அடங்கிவிடும். அடங்கியிருக்குமா? நான் அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தேன். அவர் அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டார். நான் இல்லை என்றால், படித்தவள் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதன்பிறகு நான் சொல்லும் எதற்கும் அந்த வீட்டில் மதிப்பிருக்காது. சத்யாவுக்காக நான் பேச வேண்டி வந்தால் பேச என்னிடம் வாய் இருக்காது. நீங்கள் வகுப்பில் படிக்கும் எந்தப் புத்தகமும் இந்த இடத்துக்கு வராது, அதனால் சொல்கிறேன்.

"இருந்துச்சு" என்றேன்.

சத்யா என்னைப் பார்த்தாள். நான் அவளைக் கன்னத்தில் அறைந்திருந்தாலும் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் உண்மையைப் பாதியில் விட்டால் அதுதான் பெரிய பொய். "இருந்துச்சுன்னு மட்டுந்தான் சொன்னேன். யாரு சுட்டாங்க, எப்ப சுட்டாங்கன்னு நான் இன்னும் சொல்லலை. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

எப்போது சுட்டார்கள் என்று சொல்ல முடியுமா? அதை நான் நின்ற இடத்தில்தான் யோசித்தேன். நம் குழுவில் முன்பு வேறொரு வேலை நடந்தது, உங்களில் சிலர் அதில் இருந்திருப்பீர்கள். பண்ணையில் கன்றுகளுக்கு வைக்கும் சூட்டு முத்திரை, அவை வளர்ந்து பெரிய மாடாகும்போது எப்படி உருமாறுகிறது என்று பார்த்தோம். தோல் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வளர்வதில்லை. மாடு நீளவாக்கில் அதிகம் வளரும், அகலத்தில் குறைவு. கன்றில் வைத்த வட்டம் பெரிய மாட்டில் வட்டமாக இருக்காது. நீண்டு, முட்டை வடிவமாகிவிடும். பின்முதுகில் இது நன்றாகவே தெரியும்.

"ஸ்கேல் கொடு" என்றேன். கணக்குப்பிள்ளையிடமிருந்து பிடுங்கித்தான் வாங்கினேன். காளை அசையாமல் நின்றது. அந்தக் கலவரத்தில் நிதானமாக இருந்தது அது ஒன்றுதான். இரண்டு தழும்புகளையும் நீளவாக்கில் அளந்தேன், குறுக்குவாக்கில் அளந்தேன். சந்தேகம் வந்து மறுபடி அளந்தேன். சுத்தமான வட்டம். கொஞ்சமும் நீளவில்லை.

கருப்பையாவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "நீங்களே அளந்து பாருங்க" என்று ஸ்கேலை அவர் கையில் கொடுத்தேன். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு அளந்தார். பனியன் கம்பெனியில் துணி வெட்டியவர்தானே, அவரிடம் துணியை வைத்தே சொன்னேன். "இன்னும் இழுக்காத துணியில வட்டமா ஒரு பொம்மை அச்சடிக்கிறீங்க. அப்பறம் அந்தத் துணிய ஒரே பக்கமா இழுத்தா பொம்மை வட்டமாவா இருக்கும்?"

"நீண்டுரும்."

"இது நீளலை. கன்னுல வச்சிருந்தா நீண்டிருக்கும். மாடு முழுசா வளர்ந்ததுக்கப்பறம் வச்ச சூடு இது. கன்னா வந்த மாடு வளர்ந்தது எங்க?"

அவர் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி தழும்பைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இங்கதான்" என்றார். "இந்தக் கொட்டாயிலதான்."

"அப்ப இந்தப் பொண்ணு சொன்னது பொய்யில்லை."

கருப்பையாவின் தலை மெல்லத் திரும்பியது. "ஆத்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அஞ்சலை தூணிலிருந்து கையை எடுத்தார். நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். "நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார்.

யாராக இருந்தாலும் இவராக இருக்காது என்று நான் நினைத்திருந்தேன் போல.

"கல்யாணமாகி மூணு நாலு வருசமா மாட்டக் கழுவுனது இவதான், அப்பறம் பிரசவத்துக்குப் போயிருந்தா. மாட்டக் கழுவையில நான்தான் பாத்தேன், ரெண்டு பக்கமும் சுழி. கன்னுல மயிரு சடையா இருந்ததுல ஒண்ணும் தெரியல. திருப்பி அனுப்புனா சம்பந்தி வீட்டுக்கு அசிங்கம். வித்தா முருகேசன் சோறு திங்க மாட்டான். லீவுல வந்திருந்தான். வேணாம் ஆத்தா, இதெல்லாம் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னான். நான்தான் கடப்பாரையோட மொட்டப் பக்கத்தக் காய்ச்சிக் கையில குடுத்தேன். மாடு கத்துனப்ப அவனும் அழுதான்." மூச்சு வாங்கினார். "லீவு முடிஞ்சு போனான். பெட்டியில வந்தான்."

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார். அதுவரை அந்த அம்மாள் என்னை நேராகப் பார்க்கவில்லை. "தாயி, அந்தத் தம்பி வெரல வச்சுச் சுத்திப் பாத்துட்டுச் சுழி இருந்துச்சுன்னு சொன்னாருல்ல. அப்ப சுட்டும் அது போகலையா? இன்னும் அங்கதான் இருக்கா?"

இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சுழி போகவில்லை என்றால் அதன் பலனும் போகவில்லை. ஒரு மகன் போயாகிவிட்டது, இன்னொரு மகன் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு அதே மாட்டின் பக்கத்தில் நிற்கிறான். அவருடைய கண் கருப்பையாவின் மேல் போய் நின்றது. நடுவைச் சுட்டவன் சுற்றுவட்டாரத்தைச் சுட முடியாது என்று கரும்பலகையில் எத்தனை முறை பெருமையாக எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியம் ஒரு தாயின் தலையில் இப்படி இறங்கும் என்று யார் நினைத்தது?

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். "இருக்கும்மா. ஆனா அது மயிரு. தாய்மாட்டு வயித்துல இருக்கும்போதே விழுந்தது. அதுக்கு உங்க மகனையும் தெரியாது, வளைகுடா வெயிலையும் தெரியாது. அந்தச் சுழி இருக்குற மாட்ட யாருமே வச்சிருந்து பாத்ததில்ல, உடனே வித்துருவாங்க. அப்பறம் அது சாவு கொண்டாரும்னு யாருக்கு எப்படித் தெரியும்?"

நல்ல வாதம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"நான் வச்சிருந்து பாத்தேன்ல" என்றார் அஞ்சலை.

ஒரு மாட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று உங்களுக்குப் பாடம் எடுப்பேன். பெற்ற மகனைப் பறிகொடுத்தவரிடம், உங்கள் மகன் ஒரே ஒரு தரவுப் புள்ளி என்று எந்த வாயால் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்தவற்றில் இன்றுவரை உறுத்தாத காரியம் அது ஒன்றுதான்.

கருப்பையா கொட்டகையின் சுவரில் சாய்ந்துகொண்டார். சத்யா போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கருப்பையா அவளிடம் என்னவோ சொல்ல வந்தார். "சத்யா, நான் ஏதோ கோவத்துல..." என்று தொடங்கினார். அவள் அவரைத் தாண்டிப் போய் அஞ்சலையின் எதிரே நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க சூடு வச்சதுகூட எனக்குப் பெருசில்லத்த. பயந்துட்டீங்க, வச்சுட்டீங்க. ஆனா நான் உண்மையத்தான் சொன்னேன். ஒங்களக் கேக்கச் சொன்னேன். மாமா என்னயப் பொய்க்காரின்னு சொன்னாரு. புள்ளயப் புடுங்குனாரு. நீங்க அங்கிட்டுத் திரும்பி நின்னீங்க. இவுக மாட்ட அளந்தப்பறந்தான் ஒங்களுக்கு வாய் வந்துச்சு. அளக்கத் தெரியலன்னா என்ன பண்ணிருப்பீங்க?"

அஞ்சலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். நாங்கள் வராமலே இருந்திருந்தால் இந்தப் பேச்சே கிளம்பியிருக்காது என்பதும் சத்யாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. எங்களைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

உள்ளே போனாள். ஒரு பையோடு வந்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மேடம், நீங்க டவுன் வழியாத்தான போவீங்க? எங்கள எறக்கி விட்டுருவீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். நான் கருப்பையாவைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் குழந்தையைத் தொடாதே என்றவர் இப்போது உள்ளே போய், அதன் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் குனிந்து அதன் காலில் மாட்டிவிட்டார். நிமிரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. அந்த மாட்டின் படம் நம் கட்டுரையில் இல்லை, எந்த உரையிலும் காட்டியதில்லை, இனியும் யாரும் காட்டக் கூடாது. மாடலில் கணக்குப்பிள்ளை சேர்த்த அந்த உறுப்பை அவனே நீக்கினான். மாடல் இப்போது முன்னைப் போல அழகாகப் பொருந்துவதில்லை. பொருந்தாத இடத்தில், இங்கே தரவு இல்லை, ஏன் இல்லை என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறோம். அதை எழுத அவனுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாளானது. உங்கள் படத்தில் ஓரிடம் காலியாக இருந்தால் முதலில் சமன்பாட்டில் கை வைக்காதீர்கள். அந்தக் காலி இடத்தில் யாரோ எதற்கோ பயந்துகொண்டு நிற்கலாம். அவர்களிடம் போகத்தான் வேண்டும், போகும்போது நீங்கள் கண்டுபிடிப்பது அவர்கள் வீட்டுக்குள் விழப்போகும் பொருள் என்பதை நினைத்துக்கொண்டு போங்கள்.

அன்றைக்கு அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் கணக்குப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழந்தை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. டவுனுக்குள் நுழையும்போது சத்யா போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை, இவள் சொன்னது மட்டும் கேட்டது.

"வாரேன்ப்பா. ஆமா, பாப்பாவும்தான். இல்லப்பா, யாரும் அனுப்பல. நானா வாரேன்."